ஒரு தணிகாசலம் போதும்

ஜூன் 3, திங்கள்

கேரட்டையும் பீன்ஸையும் நறுக்கி இரண்டு முறை கொதிக்கவைத்தேன். இரண்டு முறையும் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் பொரியல் செய்தேன். பொட்டாசியம் போய்விடுமாம், கிட்னி கெட்டவருக்கு அது ஆகாது. ருசியும் கூடவே போய்விடுகிறது. என் வீட்டுக்காரர் ஒரு வாய் வைத்துவிட்டு, "துணி துவைச்ச பிரஷ்ஷ மெல்ற மாதிரி இருக்கு வசு" என்றார். எனக்கும் அதையேதான் வைத்துக்கொண்டேன். ஒரு வீட்டில் இரண்டு பொரியல் செய்ய எனக்குத் தெம்பில்லை.

மருத்துவமனையில் வேலை குவிந்து கிடக்கிறது. திருச்சியில் மூன்று கிளைகள். மூன்றிலும் தனித்தனியாக இருந்த சிறுநீரகக் காத்திருப்புப் பட்டியல்களை ஒரே அட்டவணையாக ஆக்கும் வேலையை எங்கள் கம்பெனியிடம் கொடுத்திருக்கிறார்கள். அதற்காக இரண்டாம் மாடியில் எனக்கு ஒரு அறை. ஜன்னல் கிடையாது.

சிக்கல் இதுதான். அவசரத்தில் சிலர் இரண்டு கிளைகளில் பதிந்து வைத்திருக்கிறார்கள். அப்படியே ஏற்றினால் ஒரே ஆள் பட்டியலில் இரண்டு இடங்களைப் பிடித்துக்கொள்வார். அதனால் இனிஷியல், பெயர், பிறந்த தேதி, ரத்த வகை நான்கையும் சேர்த்து ஆளை அடையாளம் காட்டும் ஒரு கீயாக வைத்திருக்கிறேன். ஒரே கீயோடு இரண்டு வரிகளை அட்டவணை ஏற்காது. புதிதாக வரும் வரியின் கீ ஏற்கெனவே இருந்தால், பதிவு மேஜையில் இருப்பவரிடம் "ஒரே நபரா?" என்று கேட்கும். ஆம் என்றால் இரண்டையும் ஒன்றாக்கிவிடும். இரண்டு பதிவுத் தேதிகளில் பழையது நிற்கும், ஏனென்றால் காத்திருந்த காலம் யாருக்கும் வீணாகக் கூடாது. போன் நம்பரும் மருத்துவமனை எண்ணும் புதியவை நிற்கும், ஏனென்றால் பழைய நம்பரை யாரும் எடுப்பதில்லை.

என் மேலாளர் முகுந்தன் சார் சென்னையிலிருந்து போனில் கேட்டுவிட்டு, "நியாயமான ரூல் வசுமதி, போட்டுடுங்க" என்றார்.

நியாயமான விதிதான். யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்வேன்.

ஜூன் 5, புதன்

சோதனை செய்வதற்காக ஓ பாசிட்டிவ் பட்டியலைத் திறந்தேன். எல்லா நாளும் திறப்பதுதான்.

முதல் பெயரே என் வீட்டுக்காரருடையது. எம். தணிகாசலம்.

இரண்டாவது முறை பார்த்தபோதுதான் விளங்கியது. ஆங்கிலத்தில் அந்தப் பெயரில் 'க'வுக்குக் 'கே' போட்டிருந்தது. என் வீட்டுக்காரருக்கு 'ஜி'. கீழே தேடிக்கொண்டே போனேன். அவர் பட்டியலின் வாலில் இருந்தார். போன வருடம்தானே பதிந்தோம்.

என் ரத்தம் அவருக்குச் சேராது. அவருடைய அண்ணன் ரத்தம் சேரும். சோதனைக்கு வரச் சொன்ன நாளிலிருந்து அண்ணன் போனை எடுப்பதில்லை.

ஜூன் 6, வியாழன்

செவ்வாய், வியாழன், சனி அவருக்கு டயாலிசிஸ். அதே கட்டடத்தின் தரைத்தளத்தில்தான். மதியச் சாப்பாட்டுக்கு இறங்கிப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன்.

இன்று பக்கத்துக் கட்டிலில் புதிதாக ஒருவர். மண்ணச்சநல்லூரில் மினி பஸ் ஓட்டினவர். உறையூர் கிளையில் மெஷின் பழுதாகிவிட்டதால் இங்கே அனுப்பியிருக்கிறார்கள். நர்ஸ் "தணிகாசலம்" என்று கூப்பிட, இருவரும் "ஆங்" என்றார்கள். வார்டே சிரித்தது. என் வீட்டுக்காரர் சிரித்து வெகுநாளாகிறது.

அந்தாளின் மனைவி செங்கமலம். அரிசி ஆலையில் மூட்டை தைக்கிற வேலை. ஒல்லியான உடம்பு, கனமான குரல்.

"முருகா, ஒரே பேரு, ஒரே வியாதி! என்ன மேடம் இது கூத்து? எங்க வீட்டுக்காரரு லிஸ்ட்டுல மொதல்ல இருக்காராம், நர்ஸம்மா சொன்னாங்க. அவருக்கு ஆனதும் அடுத்து உங்களுக்குத்தான், பாருங்க."

அடுத்து எங்களுக்கு இல்லை. நான் அதைச் சொல்லவில்லை.

ஜூன் 8, சனி

தண்ணீர் மோட்டார் ரிப்பேர். மெக்கானிக் வரவில்லை.

வார்டில் இருவரும் நெடுநாள் சிநேகிதர்கள் மாதிரி பேசிக்கொண்டிருந்தார்கள். இவர் ஐ.டி.ஐ.யில் வெல்டிங் கற்றுக்கொடுத்த கதை, அவர் பஸ்ஸைக் கொள்ளிடம் பாலத்தில் ரிவர்ஸிலேயே ஓட்டிக்கொண்டு வந்த கதை. அப்பாவின் பெயர் என்ன என்று கேட்டுக்கொண்டார்கள். இவருடைய அப்பா மாசிலாமணி. அவருடைய அப்பா முத்தையன். இனிஷியலும் ஒன்று. பிறந்த தேதியைக் கேட்டார்கள். ஜூன் ஒன்று, அதே வருடம்.

"நெசமாவே அன்னைக்கா பொறந்தீங்க?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

"யாருக்குத் தெரியும்? ஸ்கூல்ல சேக்கறப்ப ஹெட்மாஸ்டர் போட்ட தேதி. எங்க கிளாஸ்ல பாதிப் பேருக்கு ஜூன் ஒண்ணுதான்."

"எனக்கும் அந்தக் கதைதாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்புறம் மேலே வந்து வேலையைப் பார்த்தேன். மதியத்துக்குமேல் மனம் ஒன்றிலும் நிற்கவில்லை. வெயில் காரணமாக இருக்கலாம்.

ஜூன் 11, செவ்வாய்

டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக அவர் கையில் ரத்தக்குழாய்களை இணைத்துப் போட்டிருந்த ஃபிஸ்டுலா அடைத்துவிட்டது. ஊசி ஏறவில்லை. கழுத்தில் குழாய் போட்டு ரத்தத்தைச் சுத்தம் செய்தார்கள். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ரத்தக்குழாய் எல்லாமே வீக்கா இருக்கும்மா. இப்படியே ரொம்ப நாள் ஓட்ட முடியாது. டோனர் யாராவது ஃபேமிலில..."

"இல்லை டாக்டர்."

வீட்டுக்கு வரும் வழியில் ஆட்டோவில் அவர் என் தோளில் சாய்ந்துகொண்டே வந்தார். "தண்ணி" என்றார். இன்றைக்குக் குடிக்க வேண்டிய தண்ணீர் அளவு முடிந்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் ஒரு ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி உதட்டில் வைத்தேன். அவர் துணியோடு சேர்த்து என் விரலையும் கடித்தார். வேண்டுமென்றுதான் கடித்தார்.

ஜூன் 13, வியாழன்

செங்கமலத்தோடு கேன்டீனில் தேநீர் குடித்தேன். அவள் இப்போது என்னை அக்கா என்கிறாள்.

பேச்சுவாக்கில் அவர்களுடைய காப்பீட்டு அட்டையைக் காட்டச் சொன்னேன். ஏன் கேட்டேன் என்றால், அட்டையில் உள்ள பெயரும் மருத்துவமனைப் பெயரும் ஒத்துப்போகவில்லை என்றால் ஆபரேஷன் சமயத்தில் காப்பீட்டுக்காரர்கள் இழுத்தடிப்பார்கள். அப்படிப் பலபேர் தவித்ததை நானே பார்த்திருக்கிறேன்.

அட்டையில் 'ஜி' போட்டிருந்தது.

"செங்கமலம், இங்க ஆஸ்பத்திரில உங்க வீட்டுக்காரர் பேர் ஸ்பெல்லிங் தப்பா இருக்கு. மாத்திடறது நல்லது."

"அய்யய்யோ, அதுல என்னக்கா கோளாறு வரும்?"

"கிட்னி வந்த பிறகு, பேர் சேரலைன்னு சொல்லிட்டா?"

அவள் முகம் வெளுத்துவிட்டது. "யாருகிட்டக்கா மாத்தணும்?"

உறுப்பு மாற்றுப் பதிவு மேஜையில் இருக்கும் ஜெபராணி சிஸ்டரைப் பார்க்கச் சொன்னேன். உதவிதான் செய்தேன். அவளே கையெடுத்துக் கும்பிட்டாள்.

ஜூன் 14, வெள்ளி

மோட்டார் சரியானது.

ஜூன் 17, திங்கள்

காலையில் ஜெபராணி சிஸ்டர் போன் செய்தாள். இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். நோயாளிகளின் பெயரெல்லாம் மனப்பாடமாக வைத்திருப்பவள். எங்கள் மென்பொருளைப் பார்த்தால் மட்டும் அவளுக்குப் பயம்.

"மேடம், ஒரு பேஷன்ட்டோட ஸ்பெல்லிங் மாத்தணும். 'கே'யை எடுத்துட்டு 'ஜி' போட்டா, டூப்ளிகேட்னு சொல்லி சேவ் ஆக மாட்டேங்குது. அந்தம்மா வேலைக்கு லீவு போட்டுட்டு வந்து நிக்கிறாங்க."

நடந்தது இதுதான். புதிய வரி வந்து மோதினால் என்ன செய்வது என்று விதி எழுதியிருந்தேன். இருக்கிற வரியைத் திருத்தும்போது அதன் கீ வேறொரு வரியின் கீயாக மாறிவிட்டால் என்ன செய்வது என்று எழுதவில்லை. அதனால் அட்டவணை தன் இயல்புப்படி மறுத்துவிட்டது. அது குறைதான். எந்த நாளானாலும் நிரப்பியிருக்க வேண்டிய குறை.

முகுந்தன் சாரைக் கூப்பிட்டேன். ஏதோ மீட்டிங்கில் இருந்தார்.

"சார், இன்சர்ட்டுக்குப் போட்ட அதே ரூலை அப்டேட்டுக்கும் போட்டுடவா?"

"போட்டுடுங்க, போட்டுடுங்க. கிளையன்ட் காத்துட்டு இருக்கக் கூடாது."

போட்டேன். சின்ன வேலை. ஜெபராணியைத் திரும்ப முயன்று பார்க்கச் சொன்னேன்.

"'ஒரே நபரா?'ன்னு கேக்குது மேடம்."

"அந்தம்மா பக்கத்துலதானே இருக்காங்க? கார்டு பார்த்தீங்களா?"

"பார்த்தேன் மேடம். ஆள் சரிதான்."

"அப்ப ஆம்னு குடுங்க."

"குடுத்துட்டேன் மேடம். சேவ் ஆயிடுச்சு. தேங்க்யூ மேடம், பாவம் இந்தம்மா காலைலேருந்து நிக்கிறாங்க."

கொஞ்ச நேரத்தில் செங்கமலமே மேலே வந்துவிட்டாள். கையில் ஒரு பாலித்தீன் பையில் பொன்னி அரிசி. "புது அரிசிக்கா. கஞ்சி வெச்சா நல்லாருக்கும்."

வாங்கிக்கொண்டேன். மறுத்தால் வருத்தப்படுவாள்.

அவள் போன பிறகு நான் பட்டியலைத் திறக்கவில்லை. திறக்க வேண்டிய அவசியமும் இல்லை.

ஜூன் 19, புதன்

திறந்தேன். ஓ பாசிட்டிவில் ஒரே ஒரு தணிகாசலம். மூன்று வருடத்துக்கு முந்தைய பதிவுத் தேதி. என் போன் நம்பர்.

யாரையும் நான் அழிக்கவில்லை. கீ ஒன்றாக இருந்தது, அட்டவணை ஒன்றாக்கியது. கார்டைப் பார்த்தது ஜெபராணி. பெயரை மாற்றச் சொல்லி வந்து நின்றது அந்த மனிதரின் மனைவி. சொல்லிச் சரிசெய்யலாம், சொல்லத்தான் போகிறேன். முதலில் இந்த வாரம் இவருக்குக் கழுத்துக் குழாயில் வந்திருக்கும் காய்ச்சல் இறங்கட்டும்.

ஜூன் 25, செவ்வாய்

காய்ச்சல் இறங்கிவிட்டது.

பக்கத்துக் கட்டில்காரரின் டயாலிசிஸ் வழக்கம்போல் நடக்கிறது. அதன் பதிவு வேறு அட்டவணை, அதற்கு வேறு எண். அங்கே அவர் இருக்கிறார்.

"எங்க நம்பரு எப்பக்கா வரும்? மொதல்லன்னு சொல்லியே ஆறு மாசம் ஆச்சு" என்றாள் செங்கமலம்.

"வரும்" என்றேன்.

ஜூலை 11, வியாழன்

இதை எழுதிவிட வேண்டும்.

மதியம் மூன்று மணி இருக்கும். நான் கீழே அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஜெபராணி வார்டுக்குள் வேகமாக வந்தாள். கையில் ஒரு காகிதம், முகமெல்லாம் சிரிப்பு.

"தணிகாசலம்! எம். தணிகாசலம், ஓ பாசிட்டிவ்! டோனர் வந்திருக்கு!"

இருவரும் தலையைத் தூக்கினார்கள். மண்ணச்சநல்லூர்க்காரர் ஊசி குத்தியிருந்த கையை மறந்துவிட்டு எழுந்து உட்கார்ந்தார். மெஷின் கூவ ஆரம்பித்தது. செங்கமலம் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "வந்துருச்சு, ஏங்க, வந்துருச்சு" என்று அவர் காலைப் பிடித்து உலுக்கினாள்.

ஜெபராணி காகிதத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"நம்பர் உங்களோடது மேடம். சாருக்குத்தான் வந்திருக்கு."

மண்ணச்சநல்லூர்க்காரர் யாரும் சொல்லாமலேயே படுத்துக்கொண்டார். நர்ஸ் வந்து மெஷினின் கூச்சலை நிறுத்தினாள்.

செங்கமலம்தான் என்னிடம் வந்தாள். கண்ணைக்கூடத் துடைக்கவில்லை. "அக்கா, இவருதான மொதல்ல இருந்தாரு?"

"டோனர் ரத்தத்தோட சேருமான்னு கிராஸ்மேட்ச் பண்ணிப் பார்த்திருக்காங்க செங்கமலம். உங்க வீட்டுக்காரருக்குச் சேரலையாம்."

எங்கிருந்து வந்தது அந்த வாக்கியம் என்று எனக்குத் தெரியாது. கேட்டதும் வந்துவிட்டது.

"சேரலையா..." என்றாள். "சேரலைன்னா என்ன பண்றது." தன் மடியிலிருந்து சமயபுரத்து விபூதிப் பொட்டலத்தை எடுத்து என் வீட்டுக்காரர் நெற்றியில் பூசிவிட்டாள். "நல்லபடியா போயிட்டு வாங்கண்ணே."

அவர் என்னைப் பார்த்தார். நான் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன்.

ஜூலை 12, வெள்ளி

நல்லபடியாக முடிந்தது. வைத்த உடனேயே சிறுநீர் வந்துவிட்டதாம். டாக்டரே வெளியே வந்து சொன்னார். சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதேன்.

ஜூலை 26, வெள்ளி

வீட்டுக்கு வந்துவிட்டார். படுக்கையறையை டெட்டால் போட்டுத் துடைத்தேன். யாரும் உள்ளே வரக் கூடாது. மூன்று லிட்டர் தண்ணீர் குடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். சொம்பைத் தூக்கி மடக் மடக்கென்று குடிக்கிறார். குடிக்கும்போது கண்ணை மூடிக்கொள்கிறார். பார்க்கவே பயமாக இருக்கிறது. தடுத்துத் தடுத்துப் பழகின கை, இரண்டு தடவை என்னையறியாமல் சொம்பைப் பிடிக்கப் போய்விட்டது.

ஆகஸ்ட் 2, வெள்ளி

இன்று கேட்டார்.

"அவர் எனக்கு முன்னாடி பதிஞ்சவராச்சே வசு?"

"கிராஸ்மேட்ச் சேரலைன்னு சொன்னாங்கல்ல."

"என்கிட்டதான் ரத்தம் எடுத்தாங்க. அவர்கிட்ட எடுக்கவே இல்லையே. நான் பக்கத்துலதான் படுத்திருந்தேன்."

"பழைய சாம்பிள் இருக்கும்."

"ஓ" என்றார். டிவியைப் போட்டார்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

மண்ணச்சநல்லூர்க்காரர் மெஷினில் இருக்கும்போதே இதயம் நின்றுவிட்டது. அரை மணி நேரம் நெஞ்சை அழுத்திப் பார்த்தார்களாம். நான் மேலே என் அறையில் இருந்தேன். வார்டு ஆயா வந்து சொன்னாள்.

கீழே போனேன். ஆம்புலன்ஸுக்கு நான்தான் பேசினேன். செங்கமலத்துக்கு ஒன்றும் ஓடவில்லை. அவருடைய சட்டையை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

ஆகஸ்ட் 14, புதன்

மண்ணச்சநல்லூர் போய்வந்தேன். என் வீட்டுக்காரரும் வருகிறேன் என்றார். கூட்டத்தில் போகக் கூடாது என்று டாக்டர் சொன்னதை நினைவுபடுத்தினேன். வற்புறுத்தவில்லை அவர்.

செங்கமலம் என்னைக் கட்டிக்கொண்டாள். "அண்ணனைப் பத்திரமா பாத்துக்கக்கா. அந்தப் பேரு ஒருத்தருகிட்டயாவது நிக்கட்டும்."

திரும்பும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

அவருடைய மாத்திரைகள் தீரப்போகின்றன. புதுக் கிட்னியை உடம்பு தள்ளிவிடாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை, ஒரு வேளைகூடத் தவறக் கூடாது. மருத்துவமனை மருந்தகத்துக்குப் போனேன். கவுன்டர்காரர் திரையைப் பார்த்துவிட்டு என்னை ஒருமாதிரி பார்த்தார்.

"மேடம், பேஷன்ட் இறந்துட்டதா வருதே. மருந்து பில் போட முடியாது."

அடுத்த நொடியே புரிந்தது. மண்ணச்சநல்லூர்க்காரருக்குப் பட்டியலில் 'இறப்பு' என்று குறிக்க யாரோ தேடியிருக்கிறார்கள். பெயர், இனிஷியல், தேதி எல்லாம் ஒத்து ஒரே வரிதான் வந்திருக்கிறது. அதில் குறித்துவிட்டார்கள். ஆபரேஷன் ஆனவரின் வரியும் அந்த அட்டவணையிலேயேதான் இருக்கும், மருந்தகமும் அதைத்தான் பார்க்கும்.

ஜெபராணி மேஜைக்குப் போனேன். குறித்தது அவள்தான். திரையில் அந்த வரியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"மேடம், நானே உங்களைக் கூப்பிடலாம்னு இருந்தேன். ஒரு தணிகாசலம்தான் இருக்கு. ரெண்டு பேர் இருந்தாங்கல்ல? இன்னொருத்தர் எங்க மேடம்?"

"ரெண்டும் ஒண்ணா சேர்ந்திருக்கும் போல. நீங்க அன்னைக்கு ஒரே நபர்னு குடுத்தீங்களே."

அவள் வாய் பாதி திறந்தது. "நீங்கதானே மேடம் குடுக்கச் சொன்னீங்க?"

"ஆள் சரியான்னு கேட்டேன். சரின்னு சொன்னீங்க."

அவள் அழ ஆரம்பித்தாள். சத்தமில்லாமல், திரையைப் பார்த்தபடியே. எனக்கு மாத்திரை வேண்டும். நான் என்ன செய்ய?

"அழாதீங்க சிஸ்டர். இப்பவே சரிபண்ணிடலாம். இந்த வரியில இறப்பை எடுத்துடுங்க. அவருக்குப் புதுசா ஒரு பதிவு போட்டு, அதுல இறப்புன்னு குறிச்சுடுங்க."

போட்டுப் பார்த்தாள். மறுபடியும் 'ஒரே நபரா?' என்று கேட்டது, இல்லை என்று கொடுத்தால் சேவ் ஆகவில்லை. அதே பெயர், அதே தேதி, வேறென்ன செய்யும்?

"பெயரைப் பழையபடி 'கே' வெச்சுப் போடுங்க" என்றேன்.

சேவ் ஆகிவிட்டது. பதிவுத் தேதியைத் தானாகவே இன்றைய தேதியாகப் போட்டுக்கொண்டது. பழைய தேதி இவருடைய வரியில் நிற்கிறது. அதை எடுத்து அங்கே வைத்தால், இவர் எப்படி முதலில் வந்தார் என்று கேள்வி வரும். அப்படியே விட்டுவிட்டோம்.

மாத்திரை கிடைத்துவிட்டது. ஒரு மாதத்துக்கு.

ஆகஸ்ட் 30, வெள்ளி

மருத்துவமனையின் தணிக்கைக் குழு பட்டியலைச் சரிபார்த்திருக்கிறது. இறந்த பிறகு காத்திருப்புப் பட்டியலில் பதிந்த ஒருவர் இருக்கிறார், அது எப்படி என்று கேட்டு எழுதியிருக்கிறார்கள். அந்தத் தேதியை மாற்றி வைத்திருக்கலாம். எனக்குத் தோன்றவில்லை. கண்ணெல்லாம் மாத்திரை மேலேயே இருந்தது.

முகுந்தன் சார் போனில் மெதுவாகப் பேசினார். "அந்த அப்டேட் ரூல், நான் ஓகே சொன்னேனா வசுமதி?"

"சொன்னீங்க சார்."

"அவங்க கேட்டா மட்டும் சொல்லலாம்" என்றார்.

செப்டம்பர் 3, செவ்வாய்

விசாரணை. மூன்று டாக்டர்கள், ஒரு வக்கீல். பட்டியலை யார் யார் தொட்டார்கள் என்ற பதிவைக் கேட்டார்கள். எடுத்துக் கொடுத்தேன். ஜூன் 17, பெயர் திருத்தம், ஒரே நபர் - ஜெபராணி. ஆகஸ்ட் 16, இறப்புக் குறிப்பு - ஜெபராணி. ஆகஸ்ட் 20, புதுப் பதிவு - ஜெபராணி.

"இதனால பலன் அடைஞ்சவர் உங்க கணவர், இல்லையாம்மா?" என்று வக்கீல் கேட்டார்.

"ஆமா சார். அதனாலதான் நான் இந்தப் பட்டியலை ஒருநாளும் கையால தொட்டதில்லை. பதிவுல என் பேர் இருக்கான்னு பாருங்க."

பார்த்தார்கள். இல்லை. திருத்தும்போது 'ஒரே நபரா?' என்று கேட்கும் விதி எந்தத் தேதியில் வந்தது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

ஜெபராணி உள்ளே போய்வந்தாள். என்னைக் கடந்துதான் போனாள். "நான் மேடம் சொன்னதைத்தான் செஞ்சேன்" என்று அவள் உள்ளே சொன்னதாகப் பிறகு கேள்விப்பட்டேன். போனில் சொன்னதற்கு எந்த அத்தாட்சியும் இல்லையாம்.

அவளைச் சஸ்பெண்ட் செய்திருக்கிறார்கள்.

செப்டம்பர் 5, வியாழன்

சாயங்காலம் செங்கமலம் வீட்டுக்கு வந்தாள். மருத்துவமனையிலிருந்து ஆள் வந்து, பதிவில் ஒரு தவறு நடந்துவிட்டது, வருந்துகிறோம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். யார் செய்த தவறு என்று சொல்லவில்லை.

அவள் உட்காரவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

"ஒனக்குத் தெரியும்க்கா. நீ அங்கதான வேலை பாக்குற. எம்புருஷன் பேரை எடுத்தது யாரு?"

அவர் உள்ளே படுக்கையறையில் இருந்தார். ஃபேனை நிறுத்தும் சத்தம் கேட்டது.

அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு எத்தனை நேரம் நிற்க முடியும்?

"ஜெபராணி" என்றேன்.

"அந்த நர்ஸம்மாவா? எனக்கு டீ வாங்கிக் குடுத்து ஒக்கார வெச்சாளே, அவளா?"

தலையசைத்தேன்.

அவள் மெல்ல இறங்கிப் போனாள். நான் குடிக்கத் தண்ணீர் வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை.

செப்டம்பர் 6, வெள்ளி

ஜெபராணி தன் பொருள்களை எடுத்துப்போக வந்திருந்தாள். வாசலில் செங்கமலம் காத்திருந்திருக்கிறாள். நான் படியில் இறங்கும்போது கூட்டம் கூடிவிட்டிருந்தது. செங்கமலம் செருப்பால் அவளை அடித்துக்கொண்டிருந்தாள். முகத்தில், தலையில், மறுபடி முகத்தில். "எம்புருஷன் பேர எங்கடி வெச்சே? எங்கடி வெச்சே?" ஜெபராணி கையை உயர்த்தித் தடுக்கவில்லை. கையில் இருந்த பை நழுவி, டிபன் பாக்ஸும் ஒரு ஸ்வெட்டரும் ரோட்டில் விழுந்தன.

காவலாளிகள் செங்கமலத்தை இழுத்துப் பிடித்தார்கள். அப்போது ஜெபராணி தலையை நிமிர்த்தினாள். உதடு கிழிந்திருந்தது. கூட்டத்தில் எத்தனையோ பேர் இருந்தார்கள். அவள் நேராக என்னைத்தான் பார்த்தாள்.

நான் மேலே போய் வேலையைப் பார்த்தேன். கீயோடு மருத்துவமனை எண்ணையும் சேர்த்துவிட்டேன். இனிமேல் பெயரும் தேதியும் ஒத்துப்போனாலும் இரண்டு பேர் ஒன்றாக மாட்டார்கள். நிர்வாகம் பாராட்டி மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறது. நகல் முகுந்தன் சாருக்கு.

செப்டம்பர் 8, ஞாயிறு

காலையில் காப்பி குடிக்கும்போது அவராகவே பேச்சை எடுத்தார்.

"அந்தப் பொண்ணு பேரைச் சொல்லியிருக்க வேணாம் வசு."

"பின்ன யார் பேரைச் சொல்றது?"

டம்ளரைக் கீழே வைத்தார். என் முகத்தை முழுசாகப் பார்த்தார். ஆபரேஷனுக்குப் பிறகு அவர் அப்படிப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. நானும் பார்வையை எடுக்கவில்லை. சொல்லட்டும் என்று காத்திருந்தேன். அவர் அந்தப் பெயரைச் சொல்லியிருந்தால் நான் மறுத்திருக்க மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன். வீடு அவ்வளவு அமைதியாக இருந்தது. அவருக்கு நன்றாகச் சதை போட்டிருப்பதையும், கன்னத்தில் நிறம் வந்திருப்பதையும் அப்போதுதான் கவனித்தேன்.

தெருவில் மீன்காரரின் குரல் கேட்டது.

"கெண்டை இருக்கான்னு பாரு" என்றார். "ரொம்ப நாளாச்சு."

இருந்தது. வாங்கிக் குழம்பு வைத்தேன். புளி கரைத்து, காரம் குறைத்து. அவர் இரண்டு தடவை சோறு போட்டுக்கொண்டார். தலைத்துண்டையும் கேட்டார். பக்கத்தில் உட்கார்ந்து முள் எடுத்துக் கொடுத்தேன்.